ஐந்தாம் பயிற்சியின் விடை

அலுவலகத்தில் அவரை எல்லோரும் டிப்ளமோ என்றுதான் சொல்கிறார்கள். டிப்ளமோவுக்குப் பிறகு பட்டம் வாங்கினார், அதற்குப் பிறகு இன்னொரு பட்டமும் வாங்கினார்; பெயர் மட்டும் முதல் படியிலேயே உட்கார்ந்துகொண்டு ஏறி வர மாட்டேன் என்கிறது. நாற்பதை நெருங்கும் வயது. மருத்துவமனைகளின் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சின்ன நிறுவனம். அதில் அவருக்குக் கீழே ஆறு பேர். ஆறு பேருக்கும் அவர் மீது ஒரே ஒரு மனத்தாங்கல். கணினியின் நினைவகத்தில் ஓர் எண்ணை வைத்துக்கொள்ள ஒதுக்கும் சின்ன அறைக்கு மாறி என்று பெயர். அந்த அறையில் எதை வைப்பதானாலும் முதலில் சுழியத்தை வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். அடுத்த வரியிலேயே வேறோர் எண் வந்து உட்காரப் போகிறது என்றாலும் சரி, சுழியம் வைக்காத நிரலைத் திருப்பி அனுப்பிவிடுவார். தேநீர் ஊற்றுவதற்கு முன்னால் கோப்பையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்கிற ஆள் என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அதில் மிகை இல்லை. தட்டித்தான் பார்ப்பார்.

பேய் பிசாசில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் துளியும் கிடையாது என்பார். பிறகு ஏன் இந்தக் கவிழ்த்தல் தட்டல் என்று கேட்டால், நம்பிக்கை இல்லாதவன்தான் சோதித்துப் பார்க்க வேண்டும், நம்புகிறவனுக்கு அந்த வேலை எதற்கு என்பார். பதில் கேட்டவரைவிடச் சொன்னவருக்குத்தான் அதிகம் பிடித்திருக்கும்.

அவர் நிரல் எழுதக் கற்றுக்கொண்ட வருடம் அவருக்கு இருபத்திரண்டு வயது. அப்போது அவர் அவன். டிப்ளமோ முடித்து, ஒரு பட்டறையில் மூன்று வருடம் லேத்தில் நின்று பம்புத் தண்டு கடைந்துவிட்டு, பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்திருந்தான். நேராகச் சேர்ந்தவர்களுக்கு அங்கே ஒரு கோணல் விதி: முதலாம் ஆண்டின் நிரலாக்கப் பாடத்தை மட்டும் ஜூனியர்களோடு உட்கார்ந்து முடிக்க வேண்டும். மூன்று தேர்வு, ஒவ்வொன்றும் ஐம்பது மதிப்பெண், ஒவ்வொன்றிலும் குறைந்தது இருபது வாங்க வேண்டும். ஒன்றில் குறைந்தாலும் முழுப் பாடத்தையும் அடுத்த வருடம் மறுபடி படிக்க வேண்டும். ஏற்கெனவே மூன்று வருடத்தைத் தண்டு கடைவதில் செலவழித்தவனுக்கு நான்காவதாக ஒன்றை இழக்க மனமில்லை. வீட்டிலும் அது தெரியும். அப்பா உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர், அம்மா வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள், அக்கா ஒரு மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பரிசோதிப்பவள். இவன் படித்து முடித்த பிறகுதான் தன் கல்யாணப் பேச்சு என்று அக்கா சொல்லி வைத்திருந்தாள். தம்பி மேல் பாசமா, கல்யாணத்தின் மேல் பயமா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

ஜூனியர்கள் நாற்பத்தாறு பேர். அவனைக் கடைசியில் சேர்த்ததால் அவன் வரிசை எண் நாற்பத்தேழு. கணினிக் கூடத்தில் நான்கு வரிசையாக நாற்பத்தாறு இயந்திரங்கள். நாற்பத்தேழாவது, பிரிண்டருக்கும் அலமாரிக்கும் நடுவே சுவரைப் பார்த்தபடி மூலையில் இருந்தது. அந்தத் துறையில் டிப்ளமோ வழியாக ஆள் வந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டதால் மூலையில் யாரும் உட்காருவதில்லை. மேலே உறை போட்டிருந்தது. உறையை எடுத்துவிட்டு உட்கார்ந்தான். நாற்காலியின் உயரம் அவனுக்குச் சரியாக இருந்தது. ஏற்றவும் இறக்கவும் வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு அது வசதியாகத்தான் பட்டது.

அந்தக் கூடத்தின் வேலைமுறையைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு ரெக்கார்டு நோட்டு. கோடு போட்ட வலது பக்கத்தில் மையால் நிரலை எழுத வேண்டும்; கோடு போடாத இடது பக்கத்தில் பென்சிலால் அவுட்புட்டை, அதாவது நிரலை ஓட்டினால் திரையில் என்ன வருமோ அதை, எழுத வேண்டும். திங்கட்கிழமை நோட்டில் கையெழுத்து. வியாழக்கிழமை கூடம். ஆகவே மாணவன் இயந்திரத்தின் முன் உட்காரும்போது விடை ஏற்கெனவே எழுதப்பட்டு, கையெழுத்தும் வாங்கியிருக்கும். அதற்கு ஆமாம் போடுவது ஒன்றுதான் இயந்திரத்துக்கு மிச்சம் இருந்த வேலை.

விடையை முன்கூட்டியே எங்கிருந்து எழுதுவது? சீனியர் நோட்டிலிருந்து. சீனியர் அவருடைய சீனியர் நோட்டிலிருந்து. வகுப்பில் இந்த விநியோகத்தைக் கவனித்துக்கொண்டவள் ஒரு பெண். ஜெராக்ஸ் என்று பெயர். டிப்ளமோவைவிட நான்கு வயது சின்னவள், வகுப்புத் தோழி, ஆனாலும் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். இயந்திரம் ஆமாம் போடாவிட்டால் என்ன செய்வது என்று முதல் வாரமே அவளிடம் கேட்டான்.

"அச்சடின்னு சொல்லுங்கண்ணா, அடிச்சுடும். எண்ணைக் கேட்டு, கூட்டி, கழிச்சு, அப்புறம் வர்றது எப்படியும் அதேதான். நேரா அந்த வரியையே போடச் சொல்லிட்டா அதுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி."

இதை வீட்டில் சொன்னபோது அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"ரிசல்ட்ட எழுதிட்டு அப்புறம் ரத்தம் எடுக்கிறாங்களா உங்க காலேஜ்ல? எங்க வேலைக்கு வந்தா ரொம்ப சீக்கிரம் மேல வந்துடுவாங்க."

ஐந்தாம் பயிற்சி வந்தது. மாணவர் ஒருவரின் வரிசை எண்ணையும் மூன்று தேர்வு மதிப்பெண்களையும் கேட்டு வாங்கி, அவற்றை அச்சிட்டு, தேர்ச்சியா தோல்வியா என்று சொல்ல வேண்டும். ஜெராக்ஸ் கொடுத்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வலது பக்கத்தை முடித்தான். இடது பக்கத்துக்கு வந்தான். பென்சில் எழுத்தில் ஐந்து வரி இருந்தது. வரிசை எண் 47. முதல் தேர்வு 38. இரண்டாம் தேர்வு 41. மூன்றாம் தேர்வு 19. தோல்வி.

அவனுக்கு முன்பே வகுப்பு கவனித்துவிட்டது. நாற்பத்தாறு பேரும் அந்த ஐந்து வரியைத் தங்கள் தங்கள் நோட்டில் எழுதி முடித்திருந்தார்கள். அண்ணனைப் பற்றி எழுதுகிறோம், மையிலேயே எழுதலாமா என்று ஒருவன் கேட்டான். சிரித்தார்கள். அவனும் சிரித்தான். யாரோ ஒருவன் ஒரு காலத்தில் வாய்க்கு வந்த எண்களைத் தட்டியிருக்கிறான், அதில் வரிசை எண் தன்னுடையதாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே எழுதினான். தோல்வி என்ற சொல்லை எழுதும்போது மட்டும் பென்சில் முனை உடைந்தது. மலிவான பென்சில்.

மறுவாரம் முதல் தேர்வின் மதிப்பெண் வந்தது. முப்பத்தெட்டு.

வகுப்பு மேசையைத் தட்டிக் கொண்டாடியது. ஜோசியம் பார்க்க ஐந்தாம் பயிற்சியிடம் போகலாம் என்றார்கள். ஐம்பதுக்குள் ஓர் எண் பொருந்துவது பெரிய அதிசயம் இல்லை என்று அவனும் கணக்குப் போட்டுப் பார்த்து ஒத்துக்கொண்டான். ஆனால் இரண்டாம் தேர்வு எழுதும்போது, எல்லாக் கேள்வியும் தெரிந்திருந்தும், இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டான். நாற்பத்தொன்றை நாற்பத்தொன்றாக வரவிடக் கூடாது என்பது திட்டம். எவ்வளவு வரும் என்று தெரியாதவன் இரண்டைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்பதும் தெரியாது என்ற சின்ன விஷயம் அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

விடைத்தாள் திரும்பி வந்தது. எழுதிய எதிலும் பிழை ஒன்றிரண்டுக்கு மேல் இல்லை. விட்ட கேள்வியை மட்டும் எழுதியிருந்தால் நாற்பத்துமூன்று. அவன் கையில் இருந்தது நாற்பத்தொன்று.

இந்த முறை யாரும் மேசையைத் தட்டவில்லை. முந்தைய வாரம் வரை மூலைக்கு வந்து பிரிண்டரின் மேல் சாய்ந்துகொண்டு அரட்டை அடித்தவர்கள், அச்சடித்த தாளை எடுத்துக்கொண்டு உடனே தங்கள் இடத்துக்குப் போனார்கள். நன்றாகவே பழகினார்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம் நன்றாக. ஒருவன் தன் பென்சிலைக் கொடுத்துவிட்டுத் திருப்பி வாங்காமலே போனான்.

ஜெராக்ஸ் மட்டும் வந்து, இந்த நோட்டு தனக்கு யார் தந்தது, அவர்களுக்கு யார் தந்தது என்று விசாரித்துச் சொன்னாள். ஒன்பது வருடம் பின்னால் போனதும் கயிறு ஒரு டைல்ஸ் கடையில் போய் நின்றது. கடை வைத்திருந்தவர் அந்தக் கல்லூரியில் படித்தவர். டிப்ளமோ போனபோது ஒரு வீட்டுக்காரருக்குக் குளியலறைத் தரைக்கு எது வழுக்காது என்று விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கி முடித்துவிட்டு வந்து, ஐந்தாம் பயிற்சி என்றதும் முகம் மலர்ந்து, எந்த நோட்டு என்று தெரிந்துகொண்டார்.

"அது எங்க கூட டிப்ளமோவுல இருந்து வந்த ஒருத்தன் நோட்டு தம்பி. மூலையில உக்காருவான். அவன் ஒருத்தன்தான் எண்ணெல்லாம் நிஜமாத் தட்டி ஓட்டிப் பாத்து எழுதுவான். மூணு டெஸ்ட் மார்க்கும் வந்த அன்னிக்கு அவனோட மார்க்கையே போட்டு வச்சிருந்தான்."

அவர் பெயர் என்ன என்று டிப்ளமோ கேட்டான். கடைக்காரர் யோசித்தார். ஒரு டைலை எடுத்துத் துடைத்தார். பெயர் வரவில்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டான்.

"மூணாவது டெஸ்டுக்கு அப்புறம் வரல. ஏன் வரலன்னு யாரும் கேக்கல. நோட்டு மேடம் மேசை மேல இருந்துச்சு, நல்ல கையெழுத்து, எடுத்துக்கிட்டோம்." பழைய குறை ஒன்று ஞாபகம் வந்தவராக, "ஆறாவதுல இருந்து நாங்களே எழுத வேண்டியதாப் போச்சு" என்றார்.

அப்படியானால் வாய்க்கு வந்த எண்கள் இல்லை. அந்த ஐந்து வரியும் ஒருவனுடையவை. ஒன்பது வருடமாக நானூறு பேருக்கு மேல் அந்த ஒருவனின் தோல்வியை அழகாகப் பென்சிலில் எழுதி, முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள்.

அடுத்த வியாழக்கிழமை பட்டப்பகலில், ஜன்னல் எல்லாம் திறந்திருக்க, நாற்பத்தாறு பேர் சுற்றி இருக்க, அவன் அந்தக் கூடத்தில் ஒன்பது வருடமாக யாரும் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தான். ஐந்தாம் பயிற்சியை நோட்டில் இருந்தபடியே தட்டி, ஓட்டிப் பார்த்தான். வரிசை எண் கேட்டது. 5 என்று தட்டினான். மூன்று தேர்வுக்கும் ஐம்பது ஐம்பதாகத் தட்டினான். திரையில் விழுந்தது: 47, 38, 41, 19, தோல்வி.

மறுபடி ஓட்டினான். இந்த முறை எல்லாவற்றுக்கும் ஒன்று என்று தட்டினான். 47, 38, 41, 19, தோல்வி. இயந்திரத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இருநூறு வரை எண்ணிவிட்டு, மறுபடி போட்டான். அதே ஐந்து வரி. ஜெராக்ஸின் இயந்திரத்துக்குப் போய் அதே நிரலைத் தட்டினான். அங்கே எட்டு இலக்கத்தில், கழித்தல் குறியோடு, தலையும் காலும் இல்லாத எண்கள் வந்தன. மூன்றாவது ஓர் இயந்திரத்திலும் அப்படித்தான். மற்ற இடங்களில் எல்லாம் குப்பை. மூலையில் மட்டும் அந்த ஒருவன்.

கூடத்துக்குப் பொறுப்பான மேடம் பதினோரு வருடமாக அங்கே இருப்பவர். கண்டிப்பானவர், நியாயமானவர்; இரண்டும் ஒருவரிடத்தில் இருந்தால் எவ்வளவு தொல்லை என்பது அவரிடம் படித்தவர்களுக்குத் தெரியும். வந்து, நோட்டை வாங்கி, நிரலைப் படித்தார். ஒன்பது வருடமாகக் கையெழுத்துப் போட்ட நிரலை முதன்முறையாகப் படித்தார் என்பது அவர் புருவத்தில் தெரிந்தது. நகல் எடுத்ததில் யாரோ தவறு செய்திருந்தார்கள். கேட்டு வாங்கும் எண்கள் ஒரு பெயருள்ள மாறியில் போய் உட்கார்ந்தன. அச்சிடுவது வேறொரு பெயருள்ள மாறியை. அந்த இரண்டாவது அறையில் யாரும் எதையும் வைக்கவே இல்லை. அப்படி ஒரு தவறு உள்ள நிரல் வருடா வருடம் ரெக்கார்டில் ஏறி வந்ததற்கு ஒரே காரணம்தான்: அதை யாரும் ஓட்டவில்லை.

காலியாக விட்ட அறையிலிருந்து எண் எப்படி வரும் என்று அவன் கேட்டான். காலி என்று எதுவும் இல்லை, அந்த இடத்தில் முன்னால் ஓடிய ஏதோ ஒரு நிரல் விட்டுவிட்டுப் போனது அப்படியே கிடக்கும், அதற்குக் குப்பை மதிப்பு என்று பெயர் என்றார் மேடம். சரியான விளக்கம். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

"குப்பைன்னா யாராவது போட்டதுதானே மேடம்?"

மேடம் திரையைப் பார்த்தார். "அணைச்சுட்டுப் போட்டியா?" என்றார்.

"பிளக்கைப் பிடுங்கிட்டுப் போட்டேன்."

அவர் நோட்டை மூடி அவன் கையில் கொடுத்தார். மூன்றாவது தேர்வுக்கு நன்றாகப் படி என்றார். போகும்போது பிரிண்டர் பக்கமாகச் சுற்றிப் போகாமல், வந்த வழியே திரும்பிப் போனார்.

வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒருவழியாகச் சொன்னான். அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வேறு கல்லூரி பார்க்கலாமே என்றாள். அக்கா, தன் கூடத்தில் பழைய ரத்தம் ஒட்டிய குழாயைக் கழுவாமல் அடுத்தவர் ரத்தத்தை விட்டால் முதல் ஆளின் நோய் இரண்டாவது ஆளுக்கு எழுதப்பட்டுவிடும், அதற்குப் பேய் வேண்டாம், சோம்பேறி ஒருவன் போதும் என்றாள். அப்பா தட்டில் மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். வெளியே சொல்லாத எத்தனையோ அவருக்கும் லிஃப்ட்டுகளுக்கும் நடுவே உண்டு.

"ஆளில்லாம லிஃப்ட் வந்து நிக்கும். எல்லாக் கட்டடத்துலயும் நிக்கும். தானா வராது. எவனோ பட்டன அமுக்கியிருப்பான்" என்றார். பிறகு, "வெளியில யாரும் அமுக்கலன்னா உள்ள அமுக்கியிருப்பாங்க" என்று முடித்துவிட்டுக் கை கழுவப் போனார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு அவன் படித்த படிப்பு, அந்தக் கல்லூரியின் ரெக்கார்டு வரலாற்றில் இல்லாதது. ஒவ்வொரு பயிற்சியையும் நோட்டைப் பார்க்காமல் எழுதினான். ஓட்டினான். தப்பு வந்தது. ஏன் வந்தது என்று பார்த்தான். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் வரிகளை எழுதிவிட்டு, எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்ல மறந்து, இயந்திரம் ஒரே சொல்லைத் திரை நிரம்ப எழுதிக்கொண்டே போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கடைசியில் அவனுக்கு வழி காட்டியது புத்தகம் இல்லை, பட்டறை. லேத்தில் ஒரு தண்டைப் பூட்டியதும் கத்தியை மெல்லக் கொண்டுபோய் அதன் மேல் தொடவிட்டு, அளவு வட்டைச் சுழியத்துக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும். முன்னால் கடைந்தவன் எந்த அளவில் விட்டுப் போனான் என்பதை நம்பிக் கத்தியை இறக்கினால் தண்டு போகும், சில சமயம் விரலும் போகும். மூன்று வருடம் நாளுக்கு நாற்பது தடவை அவன் செய்த காரியம் அது. நிரலாக்கம் என்பதும் அதுதான் என்று தெரிந்த அன்று, மூலை இயந்திரத்தில் ஐந்தாம் பயிற்சியைப் புதிதாக எழுதி, எல்லா மாறியிலும் சுழியம் வைத்து ஓட்டினான். தட்டிய எண்களே வந்தன. நூறு தடவை ஓட்டினான். தட்டிய எண்களே வந்தன.

சுழியம் வைத்த வரிகளை எடுத்துவிட்டு, நோட்டில் இருந்த பழைய நிரலையும் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான். அந்த ஐந்து வரி அங்கேயே இருந்தது. எங்கும் போகவில்லை.

மூன்றாவது தேர்வு செய்முறைத் தேர்வு. மடித்த சீட்டு எடுக்க வேண்டும். எந்தப் பயிற்சி வருகிறதோ அதைத் தட்டி ஓட்டிக் காட்ட வேண்டும். ஆறாவது பயிற்சி தேர்வுகளுக்குப் பிறகுதான் என்பதால் மொத்தம் ஐந்து பயிற்சிக்கான சீட்டுகள். அவன் முறை வந்தபோது ஜெராக்ஸ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சீட்டைப் பிரித்தான். ஐந்து. இதில் அவனுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வேறு எண் வந்திருந்தால்தான் பயந்திருப்பேன் என்று இன்றும் சொல்வார்.

மதிப்பெண் போடும் முறை எல்லோருக்கும் தெரிந்தது. வழிமுறை எழுதுவதற்குப் பத்து. பிழையில்லாமல் தட்டுவதற்குப் பதினைந்து. அவுட்புட் ரெக்கார்டோடு பொருந்துவதற்கு இருபத்தைந்து. மேடத்தின் கையில் ஐந்து பயிற்சிக்கும் விடைத்தாள் ஒன்று இருக்கும். அதையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்து டிக் அடித்துக்கொண்டே போவார்.

நிரலை எழுதி முடித்தான். சுத்தமாக ஓடியது. வரிசை எண் கேட்டது. 47 என்று தட்டினான். முதல் தேர்வு, 38. இரண்டாம் தேர்வு, 41. மூன்றாம் தேர்வு என்று கேட்டுவிட்டுத் திரை காத்திருந்தது.

இங்கேதான் அவன் உட்கார்ந்துவிட்டான். 19 என்று தட்டினால் ரெக்கார்டோடு பொருந்தும், ஐம்பதுக்கு ஐம்பதுகூட வரலாம், பாடம் முடிந்தது. தோற்றுவிட்டேன் என்று தன் கையால் எழுதினால் ஜெயிக்கலாம். வேறு எதைத் தட்டினாலும் பொருந்தாது, இருபத்தைந்து போகும், ரெக்கார்டில் உள்ளபடி தட்டாததற்கு இன்னும் கொஞ்சம் போகும். எவ்வளவு போகும் என்று கூட்டிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் வகுப்பைத் தவிர வேறு யாரும் இல்லை. தெரியும், ஆனாலும் திரும்பிப் பார்த்தான்.

நிரலை நிறுத்தினான். உள்ளே போய் நான்கு வரி சேர்த்தான். மூன்றாம் தேர்வுக்கு எண் எதுவும் தராமல் விட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தான். ஓட்டினான். திரையில் வந்தது: வரிசை எண் 47. முதல் தேர்வு 38. இரண்டாம் தேர்வு 41. மூன்றாம் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. முடிவு இன்னும் தெரியாது.

அந்தக் கூடத்தின் திரை ஒன்றில் உண்மை எழுதப்பட்டது ஒன்பது வருடத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

மேடம் வந்தார். விடைத்தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். நிரலை மேலிருந்து கீழ்வரை படித்தார். சரியாக இருக்கிறது என்று முணுமுணுத்தார். ஆனால் நியாயமானவர் இல்லையா, நாற்பத்தாறு பேருக்கு வைத்த அளவுகோலை இவனுக்கு மாற்ற முடியாது. வழிமுறைக்குப் பத்து. தட்டியதற்குப் பதினைந்தில், ரெக்கார்டில் இல்லாத வரிகளுக்காக ஆறு கழித்து ஒன்பது. பொருந்தாத அவுட்புட்டுக்கு ஒன்றுமில்லை. பதிவேட்டில் மையால் கூட்டுத்தொகையை எழுதினார். எழுதிய பேனா அங்கேயே நின்றது.

பதிவேட்டின் அந்த வரியும் கையில் இருந்த விடைத்தாளின் வரியும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன; இரண்டிலும் 47, 38, 41, 19.

"நான் இதப் பாத்து எழுதல" என்றார், மெதுவாக. "கூட்டித்தான் எழுதினேன்."

"தெரியும் மேடம். நானும் கூட்டிப் பாத்தேன்."

"தெரிஞ்சுதான் செஞ்சியா? பத்தொன்பதுன்னு தட்டியிருந்தா நான் முழுசாப் போட்டிருப்பேனே."

"தட்டியிருந்தா நான் எழுதினதா இருக்கும். இப்ப நீங்கதான் எழுதியிருக்கீங்க."

அவர் பேனாவை மூடித் திறந்தார். பதிவேட்டில் திருத்துவதென்றால் முதல்வருக்கு எழுதிக் கேட்க வேண்டும், அதில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் என்ன எழுதட்டும் என்று கேட்டார். அவனையே கேட்டார், நிஜமாகவே பதில் வேண்டும் என்பது போல. இருவரும் யோசித்தார்கள். ஒரு தாளில் எழுதக்கூடிய காரணம் எதுவும் இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. பத்தொன்பது நின்றது.

அந்த வருடம் அந்த வகுப்பில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டவன் ஒருவன். அந்தப் பாடத்தில் தோற்றவனும் ஒருவன். அடுத்த வருடம் புது ஜூனியர்களோடு உட்கார்ந்து அவன் மறுபடி எழுதிய மதிப்பெண்ணை யாரும் முன்கூட்டி எழுதி வைத்திருக்கவில்லை, சுமாரான மதிப்பெண்தான். ஆனால் அதெல்லாம் பிறகு.

தேர்வு முடிந்த அன்று மாலை வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னான். அம்மா அழுதாள். அப்பா, ஒரு வருடம்தானே என்றார். அக்கா மட்டும் நாளைக்குக் கல்லூரி உண்டா என்று கேட்டாள். உண்டு என்றான். போவாயா என்று கேட்டாள். தோற்ற மறுநாள் போகாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. கால் வலிக்கிறது என்றால் போதும். தலை வலிக்கிறது என்றாலும் போதும். ஒரு நாள் போகாமல் இருந்தால் மறுநாள் போவது அதைவிடச் சிரமம்; ஒரு வாரம் போனால் யாரும் கேட்க மாட்டார்கள்; ஒன்பது வருடம் போனால் பெயரும் ஞாபகம் இருக்காது. டைல்ஸ் கடைக்காரர் நல்ல மனிதர்தான்.

மறுநாள் காலை கூடத்தில் வருகை எடுத்தார்கள். மேடம் எண்களை வாசித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குரல் பதில் சொன்னது. நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. பதிவேட்டை மூடினார். மறதி என்று சொல்ல முடியாது. கை தானாக மூடியது.

"நாற்பத்தேழு, மேடம்."

நாற்பத்தாறு தலைகள் மூலைப் பக்கம் திரும்பின. ஜெராக்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். மேடம் நிமிர்ந்து, அவனைப் பார்த்து, அடையாளம் சரிபார்த்துக்கொள்கிறவரைப் போல அவன் சட்டையையும் கையையும் பார்த்து, அப்புறம் கேட்டார்.

"எதுக்கு வந்தே? டெஸ்ட்தான் முடிஞ்சுபோச்சே."

"ஆறாவது பயிற்சி இருக்குல்ல மேடம்."

அவர் பதிவேட்டைத் திறந்தார். அந்தத் தேதிக்கு நேரே நாற்பத்தேழாவது கட்டம் வெறுமையாக இருந்தது. பார்த்து எழுத எந்தத் தாளும் அவர் பக்கத்தில் இல்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் என்ன போட வேண்டும் என்று கொஞ்ச நேரம் யோசித்தார்.